முதல் சம்பளத்தில் லிப்ஸ்டிக் வாங்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள பாப்பா,

“அக்கா, முதல் சம்பளத்துல ஒரே ஒரு நல்ல லிப்ஸ்டிக் வாங்கலாம்னு இருக்கேன். என் கலருக்கு ரொம்ப எடுப்பா தெரியாம, லைட்டா ஒண்ணு சொல்லேன்” என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. உன்னைப் போலவே கேட்கிற பெண்கள் நிறையப் பேர் இருப்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லைட்டாக வேண்டவே வேண்டாம்.

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து சித்தியின் பட்டுப்புடவைகளைப் பார். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, கத்தரிப்பூ நிறம். பட்டு எடுக்கப் போன இடத்தில் “நாம கருப்பு, அதனால வெளிர் நிறமா பாரு” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அழுத்தமான நிறம்தான் நம் உடம்புக்கு எடுக்கும் என்பது பாட்டிக்குத் தெரியும், தறியில் உட்காருகிறவருக்குத் தெரியும், கடையில் புடவையை விரித்துப் போடுகிறவருக்கும் தெரியும். உதடு என்று வந்ததும் மட்டும் ஏன் பேபி பிங்க் தேடுகிறோம்?

வெளிர் நிறம் நமக்கு ஏன் ஒத்துவராது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. லிப்ஸ்டிக்கை வெளிறச் செய்ய அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியைச் சேர்ப்பார்கள். நம் உதட்டிலோ இயல்பாகவே பழுப்பும் ஊதாவும் உண்டு, ஓரங்கள் நடுப்பகுதியைவிடக் கருமையாக இருக்கும். அதன்மேல் இந்த வெள்ளை உட்காரும்போது கலக்காமல் தனியாகப் பூத்து நிற்கும். காய்ச்சல்காரி மாதிரி ஆகிவிடுகிறது என்று நீ போன தீபாவளிக்குச் சொன்னாயே, அது உன் உதட்டின் குறை இல்லை, அந்த ஷேடின் குறை. அழுத்தமான ஷேடில் வெள்ளை குறைவு, நிறமி அதிகம். அது உன் உதட்டு நிறத்தோடு சேர்ந்து வேறொரு நிறமாகிவிடும். அந்த நிறம் உனக்கு மட்டும்தான் வரும்.

என் பெட்டியில் எத்தனையோ கிடக்கின்றன. ஆனால் அடிக்கடி கை போவது சிலவற்றுக்குத்தான்.

மேக் என்ற கம்பெனியின் ‘சில்லி’யைத்தான் முதலில் சொல்வேன். மூடியைத் திறந்து பார்த்தால் பழுப்பு கலந்த ஆரஞ்சுச் சிவப்பு. கையின் மேற்புறத்தில் தீற்றிப் பார்த்தால் பயந்துவிடுவாய், அப்படி ஒரு ஆரஞ்சு தெரியும். உதட்டில் போட்டதும் ஆரஞ்சு அடங்கி, சுட்ட செங்கல் நிறம் மேலே வரும். கடுகு மஞ்சள், கரும்பச்சை, இண்டிகோ நீலம் என்று எந்தப் பருத்திக்கும் சேரும். உதட்டு ஓரம் வரைகிற லைனர் கூடத் தேவையில்லை, நம் உதட்டின் கருத்த ஓரமே அந்த வேலையைச் செய்துவிடும். விரல் நுனியில் துளி எடுத்துக் கன்னத்தில் தட்டினால் கன்னத்துக்குச் சிவப்பு தருகிற ப்ளஷும் ஆயிற்று. வெளிர் ரோஸ் ப்ளஷ் நம் கன்னத்தில் பவுடர் கொட்டிய மாதிரி நிற்கும். இது வெயிலில் நடந்து வந்தவளின் சிவப்பாகவே தெரியும்.

அடுத்தது அதே கம்பெனியின் ‘ரூபி வூ’. 1999இல் வந்த ஷேடு, இன்னும் அதன் இடத்தை எதுவும் பிடிக்கவில்லை. இது நீலச் சாயல் உள்ள சிவப்பு. அந்த நீலம் பல்லை வெள்ளையாகக் காட்டும், அதனால்தான் போட்டோவில் சிரிப்பு அவ்வளவு பளிச்சென்று விழுகிறது. ஆனால் ரொம்ப வறண்டது, உதட்டில் இழுத்து இழுத்துத்தான் போட வேண்டும். முதலில் லிப் பாம் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடு. அந்த வறட்சியால்தான் நம் ஊர்ப் புழுக்கத்திலும் நகராமல் நிற்கிறது. கல்யாணம், கச்சேரி, மார்கழி சபா கேன்டீன் எல்லாவற்றுக்கும் நான் எடுப்பது இதைத்தான்.

மூன்றாவது நிக்ஸ் கம்பெனியின் ‘கோபன்ஹேகன்’. நல்ல நாவல்பழ நிறம். சாயங்காலத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். இதைப் போட்டால் கண்ணுக்கு மையைத் தவிர எதுவும் வேண்டாம். அழுத்தமாகத் தெரியுமோ என்று தயங்கினால் உதட்டின் நடுவில் கொஞ்சமாக வைத்து விரலால் ஓரம் வரை தட்டிவிடு, பழம் தின்ற உதடு மாதிரி கறையாக நிற்கும். கருப்பு நிறத்துக்கு இவ்வளவு அழகு சேர்க்கிற ஷேடை நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டில் சைவம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சில சிவப்பு லிப்ஸ்டிக்குகளில் கார்மைன் என்ற நிறமி இருக்கும். அது கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது. அட்டையில் சி.ஐ. 75470 என்று போட்டிருந்தால் அதுதான். வேண்டாம் என்றால் அந்த எண்ணைப் பார்த்துத் தவிர்த்துவிடு.

லிக்விட் மேட், அதாவது திரவமாகப் பூசிக் காய்ந்ததும் பளபளப்பில்லாமல் ஒட்டிக்கொள்கிற லிப்ஸ்டிக், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். ஓஎம்ஆர் வரைக்கும் பஸ்ஸில் போய் வருகிறவளுக்கு அது வசதிதான். அதில் உள்ள கரைப்பான் ஆவியானதும் சிலிகான் பிசின் ஒரு மெல்லிய படலமாக உதட்டில் ஒட்டிக்கொள்ளும். வியர்வைக்கு அசையாது, காபி டம்ளரிலும் ஒட்டாது. ஆனால் அதற்கு எண்ணெயும் நெய்யும் எதிரி. வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்டு எழுந்தால் உள் உதட்டில் நிறம் போய், ஓரம் மட்டும் வளையமாக நிற்கும். மேலேயே இன்னொரு கோட் பூசாதே, திட்டுத்திட்டாக உரியும். துடைத்துவிட்டுப் புதிதாகப் போடு. ராத்திரி சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம், பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தால் தானாகக் கழன்று வரும்.

இப்போது ஃபவுண்டேஷன், அதாவது முகம் முழுக்கப் பூசுகிற அடிப்பூச்சு. நீ கேட்கவில்லை, ஆனால் கடைக்குப் போனால் அதையும் உன் கையில் கொடுக்கப் பார்ப்பார்கள். உன் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாக எடுத்து, “மேடம், இது போட்டா ப்ரைட்டா இருக்கும்” என்பார்கள். அங்கே நீ உறுதியாக நிற்க வேண்டும். ஃபவுண்டேஷனின் நிறமே மஞ்சள், சிவப்பு, கருப்பு இரும்பு ஆக்சைடுகளோடு அதே டைட்டானியம் வெள்ளையைக் கலந்து வருவதுதான். வெள்ளை கூடிப்போனால் நம் முகம் சிவக்காது, சாம்பல் பூக்கும். நம் சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷனில் கல்யாணப் பெண்ணைப் பார்த்தாய்தானே? முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். மின்னுகிற மாநிறத்துக்காரி அவள். அவள் முகத்தை அன்றைக்கு ஆல்பத்தில் தேட வேண்டியிருந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது உனக்கே தெரியும். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரில் இருந்த ‘ஃபேர்’ஐ எடுக்க 2020 ஆயிற்று. 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற கம்பெனி முதல் நாளிலேயே 40 ஃபவுண்டேஷன் ஷேடுகளோடு வந்தது. அதில் கடைசி வரிசையில் இருந்த அடர் ஷேடுகளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் கல்லூரிக் காலத்தில் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஷேடுகள் கோதுமை நிறத்தோடு முடிந்துவிடும். இப்போது உள்ளூர் கம்பெனிகளிலும் நம் நிறம் கிடைக்கிறது. கேட்டு வாங்கு. அது இல்லாத கடையில் காசு கொடுக்காதே.

பார்க்கும் முறை: கையில் பூசிப் பார்க்காதே, கையும் முகமும் ஒரே நிறம் இல்லை. தாடை ஓரத்தில் மூன்று ஷேடுகளைக் கோடுகளாகப் போட்டுக்கொண்டு, புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போமே, அதே மாதிரி வெளியே வந்து பார். கடை விளக்கில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கோடு காணாமல் போகிற ஷேடுதான் உன்னுடையது. உடனே வாங்கிவிடாமல் அரை மணி நேரம் சுற்றிவிட்டு வா. சில ஃபவுண்டேஷன்கள் தோலில் இருக்க இருக்கக் கருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை மறைக்க வெளுப்பான கன்சீலர் க்ரீமை அப்பாதே. அந்தக் கருமையில் நீலம் இருக்கிறது, அதை அடக்குவது ஆரஞ்சு நிறக் கரெக்டர் க்ரீம்தான்.

லிப்ஸ்டிக் டெஸ்டரை உதட்டில் வைக்கவே கூடாது, எத்தனை பேர் தொட்டதோ. விரல் நுனியின் உட்பக்கத்தில் போட்டுப் பார். உதட்டு நிறத்துக்கு அதுதான் கிட்டத்தட்ட வரும்.

கண் மையில் உனக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பாட்டி கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, திரி திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படிந்த கரியைச் சுரண்டி மை கூட்டுவதை நீயும் பார்த்திருக்கிறாய். நம் சென்னையில் 1938இல் தொடங்கிய ஐடெக்ஸ் டப்பாவும் நம் வீட்டில் இல்லாத நாள் கிடையாது. ஆனால் பெயர் இல்லாத டப்பாவில் சுர்மா என்று விற்பதை மட்டும் தொடாதே, பழைய முறை சுர்மாவில் ஈயத் தாது இருக்கும்.

ரங்கநாதன் தெருவில் கம்மல் வாங்கு, கிளிப் வாங்கு, பொட்டு அட்டை வாங்கு, நானும் வருகிறேன். உதட்டுக்கும் கண்ணுக்கும் போடுகிற எதையும் நடைபாதையில் வாங்காதே. 200 ரூபாய்க்கு மேக் கிடைக்காது. அட்டையில் பேட்ச் எண், தயாரித்த தேதி, தயாரிப்பாளர் முகவரி, வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் விவரம் எல்லாம் இருக்க வேண்டும். திறந்த டப்பா படத்துக்குள் 12எம் என்று போட்டிருந்தால், திறந்த பிறகு 12 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

அப்புறம், அதை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் மறந்துவிடாதே. பெரும்பாலான லிப்ஸ்டிக்கில் எண்ணெயோடு மெழுகும் இருக்கும். கத்திரி வெயிலில் எண்ணெய் பிரிந்து முத்து முத்தாக மேலே வந்துவிடும், குச்சி வளைந்து மூடியில் ஒட்டிக்கொள்ளும்.

சித்தி “எதுக்கு இவ்ளோ அழுத்தமா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் வாசலில் வந்து நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதே அரக்கைத்தான் நீ உதட்டில் வைத்திருக்கிறாய் என்று சொல்.

சரி, இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒன்றே ஒன்று என்றால் செங்கல் நிறம். மேக் என்றால் விலை அதிகம், முதல் சம்பளத்தில் அது உனக்குப் பெரிய தொகை என்று தெரியும். லாக்மேயிலும் மேபலினிலும் அந்த நிறக் குடும்பத்தில் நல்லவை இருக்கின்றன. பெயரைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து வாங்குவோம். மீதிக் காசில் ஒரு காஜல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டி பஜாருக்கு வந்துவிடு. கூட்டம் சேருவதற்குள் போனால்தான் கடைப்பெண்கள் நிதானமாக எடுத்துக் காட்டுவார்கள், வெளியே வெளிச்சமும் சரியாக இருக்கும். முகத்தில் பவுடர் கூடப் போடாமல் வா. அந்த கடுகு மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொள், அதற்கு மேலேயே ஷேடு பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா