கஞ்சிக்கோட்டிலிருந்து மாப்ளைக்கு

மாப்ள,

எப்படிடா இருக்க, கும்மிடிப்பூண்டி எப்படி இருக்கு, அம்மா கால் வலி தேவலையா. இங்க வெயில் மண்டைய பொளக்குது, பாலக்காட்டு கணவாய் காத்துன்னு பேரு தான், வர்றது பூரா அனல். பெரியவ பிளஸ் டூ முடிச்சுட்டா, கோயமுத்தூர்ல தான் சேருவேன்னு ஒத்த கால்ல நிக்கிறா.

ஸ்ரீசிட்டில ஏதோ பிளான்ட்ல கூரை ஷீட் மாத்துற காண்ட்ராக்ட் வந்திருக்குன்னு சொன்னேல்ல, ஹெல்மெட் பெல்ட் எல்லாம் வாங்கிட்டேன் வேற என்ன பண்ணனும்னு கேட்டேல்ல. பெல்ட் இருக்கட்டும்டா, அத எதுல மாட்டுவாங்க? மேல லைஃப்லைன், அதான் பெல்ட் கொக்கி மாட்டுற கயிறு, கட்டலேன்னா அது வெறும் இடுப்புல தொங்குற சாமான் தான். இங்க மழைக்கு முன்னாடி ஏப்ரல் மே மாசத்துல எல்லா கம்பெனியும் ஷீட் மாத்துவாங்க, பழைய ஆஸ்பெஸ்டாஸ் மேல இருந்து பாத்தா கல்லு மாதிரி தெரியும், கால வச்சா பொட்டுனு போயிரும். நடுவுல வெளிச்சத்துக்கு போட்ட ஃபைபர் ஷீட் இன்னும் மோசம், வருஷக்கணக்கா தூசி படிஞ்சு பக்கத்து ஷீட்டுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. போல்ட் வரிசைல நடந்தா கீழ ஷீட்ட தாங்குற குறுக்குச்சட்டம், அதான் பர்லின், தாங்கும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, அத நம்பாத, ரெண்டு மூணு பர்லின் மேல படுக்குற மாதிரி பலகை போட்டு தான் நடக்கணும், கீழ வலை கட்டணும். எது ஃபைபர்னு கீழருந்து அண்ணாந்து பாத்தா பளிச்னு தெரியும், மொத நாளே பாத்து மேல பெயிண்ட்ல குறி போட்டுருங்க. அந்த பிளான்ட்காரனுக்கு இதெல்லாம் தெரியும், உன் ஆளுங்களுக்கு தெரியாது, வெளியாள் நிறைய பேர் அடிபடுறது இதுல தான்.

இங்க வேலைக்கு வர்றது பூரா ஒடிசா, வங்காளத்து ஆளுங்க, இங்க பாய்ங்கன்னு கூப்பிடுவோம். கேட்ல மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் வீடியோ போட்டு கையெழுத்து வாங்கிட்டு உள்ள விட்டுருவாங்க, கேட்டா ட்ரெயினிங் குடுத்தாச்சும்பாங்க. இப்ப அவங்கள்லயே ஒரு மேஸ்திரிய வச்சு வேலை நடக்குற இடத்துலயே நிக்க வச்சு சொல்ல சொல்றோம், வேலைய தொடங்க குடுக்குற பெர்மிட்டும் ஆபீஸ்ல கையெழுத்து போடுறது இல்ல, ஏணி அடியில தான்.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது காசு விஷயம். ஷீட்டுக்கு இவ்வளவுன்னு ரேட் பேசாத மாப்ள. காத்து அடிக்குது இறங்குன்னா இறங்க மாட்டான், இறங்குனா அன்னிக்கு கூலி போச்சுல்ல, அதுவும் ஊருக்கு பணம் அனுப்புற மனுஷன். நாள் கூலியா பேசு, வேலை நின்னாலும் அந்த கூலி உண்டுன்னு கொட்டேஷன்லயே எழுது. இங்க பிளான்ட்ட நிறுத்தி ரிப்பேர் பாக்குற ஒரு ஷட்டவுன்ல இத சேக்கணும்னு நான் கேட்டப்ப அக்கவுண்ட்ஸ்காரங்க மூஞ்ச சுளிச்சாங்க, சேத்தப்புறம் பாரு, பாய்ங்களே வந்து “சாப், பலகை ஆடுது” ன்னு சொல்றாங்க, அதுக்கு முன்னாடி ஒருத்தன் வாய தொறந்ததில்ல. கேரளாவுல வெயில் ஏறுனா பகல் 12லருந்து 3 வரைக்கும் வெளிவேலை கூடாதுன்னு லேபர் டிபார்ட்மென்ட் ஆர்டர் போடும், அந்த மணிக்கும் யாரு காசு குடுக்குறதுன்னு முன்னாடியே பேசலேன்னா ஆர்டர் பேப்பர்ல தான் கிடக்கும்.

கம்பெனிக்காரன் “காண்ட்ராக்டர் பொறுப்பு”ன்னு உன் தலைல கட்ட பாப்பான், விடாத. 1923 நஷ்டஈட்டு சட்டத்துலயே இருந்தது, இப்ப அதுக்கு பதிலா வந்த சோஷியல் செக்யூரிட்டி கோடுலயும் இருக்கு, காண்ட்ராக்டரோட ஆள் அடிபட்டாலும் வேலை குடுத்த முதலாளி குடுக்கணும், அப்புறம் உன்கிட்ட வசூல் பண்ணிக்கலாம். வசூல் பண்ணிக்கலாம்ங்கிறத கவனி, கடைசில உன் வீடு தான் அடமானம் போகும். அதனால தொழிலாளி இன்சூரன்ஸ் ஈஎஸ்ஐ கட்டாம ஒருத்தனையும் ஏத்தாத, சம்பளம் 21,000க்கு மேல போறவனுக்கு தனி இன்சூரன்ஸ் போடு. 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புது லேபர் கோடுல காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் குடிதண்ணி, கக்கூஸ், ஃபர்ஸ்ட் எய்டு எல்லாம் பிளான்ட்காரன் தான் செய்யணும்னு இருக்கு, அத நீ கேட்டு வாங்கு, கூச்சப்படாத.

கொட்டேஷன் போடுறதுக்கு முன்னாடி எனக்கு வாட்சப்ல அனுப்பு, பலகைக்கும் வலைக்கும் தனி லைன் போட்டிருக்கியான்னு பாக்குறேன். ரேட் ஜாஸ்தின்னு வேற எவனுக்காவது குடுத்தான்னா குடுக்கட்டும். இங்க சித்தூர் கொங்கன்படை திருவிழாவுக்கு இந்த வருஷமும் வராம ஏமாத்திட்ட, அடுத்த தடவ குடும்பத்தோட வந்துரு.

உன் மாப்ள