கார் பேட்டரி சார்ஜருக்குத் தடை: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர் மற்றும் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். வளாகத்துக்குள் யாரும் வாகன பேட்டரியை சார்ஜ் போடக்கூடாது என்கிறது. ரொம்ப அவசரம் என்றால் பேட்டரியைக் கழற்றி, மீட்டர் அறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் சார்ஜரோடு வைத்து, கதவைப் பூட்டிச் சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் கீழே ஒரு வரி இருக்கிறது. தடையைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். ஆனால் அந்தக் கடைசி வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வளாகம் முழுக்கத் தேடினாலும் பேட்டரியை சார்ஜ் போட அதைவிட மோசமான இடம் கிடைக்காது.

சார்ஜர் வாங்கி வைத்திருக்கும் வீடுகளும் படிக்க வேண்டும் என்பதால்தான் குழுவுக்குத் தனியாக எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் பணியில் இருந்த காலத்தில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்டவன். 48 வோல்ட்டுக்கு 24 லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் கொண்ட) செல்கள் வரிசையாக நிற்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்காமல் யாரும் சார்ஜைக் கூட்ட மாட்டோம்.

குழுவின் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்பைக் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் மின்பைக்கில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் பேட்டரி. அது சூடு கட்டுமீறினால் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். நம் பெட்ரோல், டீசல் கார்களில் பானெட்டுக்குள் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். அதற்கு வேறு குணம், வேறு ஆபத்து. இரண்டுக்கும் ஒரே விதி எழுதினால் எதற்குமே சரியாகப் பொருந்தாது.

லெட் ஆசிட் பேட்டரி சார்ஜாகும்போது, முக்கியமாகக் கடைசிக் கட்டத்தில், அதற்குள் இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியே வரும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பொறி போதும். அந்தப் பொறி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று எழுதியிருக்கிறதே, அதிலுமா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதைத்தான் அது சொல்கிறது. வாயு போக அதிலும் துளை உண்டு.

எவ்வளவு வாயு வரும்? நிறைந்துவிட்ட 12 வோல்ட் பேட்டரிக்குள் தொடர்ந்து 1 ஆம்பியர் ஓடினால், அதற்குள் இருக்கும் ஆறு செல்லும் சேர்ந்து மணிக்குச் சுமார் 2.7 லிட்டர் ஹைட்ரஜனை விடும். நாலு பக்கமும் திறந்த நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இது ஒன்றுமே இல்லை. வந்த வேகத்தில் மேலே போய்க் கலைந்துவிடும். அங்கே ஆபத்து பேட்டரியைச் சுற்றி ஒரு முழத்துக்குள்தான். யாராவது அந்த நேரம் பார்த்து கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும், பேட்டரி வெடிக்கும், அமிலம் முகத்தில் தெறிக்கும்.

இப்போது ஸ்டோர் ரூமுக்கு வருவோம். 5 அடிக்கு 4 அடி, 7 அடி உயரம். கொள்ளளவு சுமார் 4,000 லிட்டர். ஜன்னல் இல்லை. பேட்டரியும் சார்ஜரும் நல்லபடியாக இருந்தால் கடைசியில் கரன்ட் ஒரு ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடும், பெரிதாக எதுவும் நடக்காது. ஏதாவது ஒன்று கெட்டு, 5 ஆம்பியர் விடிய விடிய இறங்கிக்கொண்டே இருந்தால்? 12 மணி நேரத்தில் 160 லிட்டருக்கு மேல். 4,000 லிட்டரில் அதுதான் அந்த 4 சதவீதம். கதவு இடுக்கில் கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனால் மேலே சேரும் வாயு, அறை முழுக்க 4 சதவீதம் ஆகட்டும் என்று காத்திருக்காது. கூரைப் பக்கம் அதற்கு முன்பே எட்டிவிடும். காலையில் செக்யூரிட்டி கதவைத் திறந்ததும் முதலில் என்ன செய்வார்? லைட் சுவிட்சைத் தட்டுவார்.

‘ஆட்டோமேட்டிக் சார்ஜர்தானே, தானாக நின்றுவிடுமே’ என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இந்தப் பேச்சுதான். எலெக்ட்ரிகல் கடையில் முன்பு விற்ற, முள் காட்டும் டிரான்ஸ்பார்மர் சார்ஜரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். பழையது நிறைந்த பேட்டரிக்குள்ளும் கரன்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். புதியது சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, கரன்ட் குறைந்ததும் 13.6 போல இறக்கி அப்படியே பிடித்துக்கொள்ளும். கிளிப்பை மாற்றிப் போட்டால் பெரும்பாலான மாடல்கள் வேலையே செய்யாது. நல்ல கருவிதான். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் வோல்ட்டும் கரன்ட்டும். அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று தெரியாது. பேட்டரியின் வயிறு உப்பியிருக்கிறதா, பக்கத்தில் யாராவது சிகரெட் பற்ற வைக்கிறாரா, எதுவும் தெரியாது.

அதைவிட, ஒரு செல் போன பேட்டரியை நினைத்துப் பாருங்கள். ஆறில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டால் மிச்சம் ஐந்துதான். சார்ஜரோ 14.4 வோல்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கும். ஆறு செல்லுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 2.4 வோல்ட், நியாயமான அளவு. ஐந்துக்குப் பங்கிட்டால் 2.88. அந்த ஐந்தும் கொதிக்கும், வாயுவைக் கக்கும், சூடாகும். சில சார்ஜர்கள் நேரக் கணக்கு வைத்து, ‘இது தேறாது’ என்று விளக்கைச் சிவப்பாக்கி நின்றுவிடும். எல்லாமும் அப்படி இல்லை. அதனால் சார்ஜ் போடுமுன் மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டைப் பார்ப்பது நல்லது. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6, 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, எடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே 10.5 பக்கம் இறங்கி நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். அந்த பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாமல் கடைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

சார்ஜரில் இருக்கும் பட்டன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வாங்கும் பலவற்றில் பனித்துளிப் படம் போட்ட பட்டன் இருக்கும். அது குளிர் நாட்டுக்கும், அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை பேட்டரிக்கும் வோல்ட்டைச் சற்றுக் கூட்டுவது. சென்னை வெயிலில் சாதாரண பேட்டரிக்கு அதை அமுக்கக் காரணமே இல்லை. நமக்கு வேண்டியது நேர் எதிர்: சூடு ஏற ஏற சார்ஜ் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். 25 டிகிரிக்கு 14.4 சரி என்றால், 40 டிகிரியில் 14 பக்கம் போதும். சில சார்ஜர்கள் இதைத் தானே கணக்கிடும், பல செய்யாது. ஆகவே மே மாத மத்தியானம் ஓடி வந்த வண்டியில் பானெட்டைத் திறந்த கையோடு கிளிப்பை மாட்டாமல் ஆறவிட்டு மாட்டுங்கள். ‘ரீகண்டிஷன்’ அல்லது ‘ரிப்பேர்’ என்று இருப்பது 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றாமல் அதைத் தொடக்கூடாது. ஏஜிஎம்முக்கும், அமிலம் கூழாக இருக்கும் ஜெல் வகைக்கும் கழற்றியும் கூடாது. லித்தியம் பட்டனை லெட் ஆசிட்டுக்கோ, லெட் ஆசிட் பட்டனை லித்தியத்துக்கோ போடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கரன்ட் அளவுக்குப் பழைய கணக்கே போதும்: பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்கு. 35 ஆம்பியர் அவர் கார் பேட்டரிக்கு 3 முதல் 4 ஆம்பியர். ஸ்கூட்டரின் 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். காருக்கு வாங்கிய சார்ஜரை அப்படியே ஸ்கூட்டரில் மாட்டினால் சின்ன பேட்டரி தாங்காது.

மாட்டும் வரிசைதான் உயிர்நாடி. சுவர் பிளக் கடைசியில்தான். முதலில் சிவப்பு கிளிப்பை பாசிட்டிவ் முனையில். பிறகு கறுப்பு கிளிப்பை, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் அல்லாமல், அதிலிருந்து தள்ளி பெயின்ட் இல்லாத சேசிஸ் இரும்பில் அல்லது இன்ஜின் பிளாக்கில். பெட்ரோல் குழாய்ப் பக்கம் வேண்டாம். அதன் பிறகே பிளக், சுவிட்ச். எடுக்கும்போது தலைகீழ்: சுவிட்ச், பிளக், கறுப்பு, சிவப்பு. காரணம் எளிது. கடைசியாக மாட்டும் கிளிப்பும் முதலில் எடுக்கும் கிளிப்பும்தான் பொறி விடும். அது வாயு வரும் துளைக்குத் தள்ளி நடக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. 60335-2-29 என்ற சர்வதேசத் தரம் இந்த வரிசையைக் கையேட்டில் அச்சிடச் சொல்கிறது. நாம்தான் கையேட்டை டப்பாவோடு பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறோம். வண்டி நின்றால் இன்ஜின் தானாக அணைந்து கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார்களில், நெகட்டிவ் முனையில் பேட்டரியின் கரன்டை அளக்கும் ஒரு சென்சார் இருக்கும். சேசிஸில் மாட்டினால்தான் அதன் கணக்கும் சரியாக இருக்கும். மோதிரம், வளையல், இரும்பு வாட்ச் செயின் எல்லாவற்றையும் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும்.

சார்ஜரை பேட்டரி மேலேயே வைக்காதீர்கள். வயர் எட்டும் தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். தரையிலும் வேண்டாம். ஐப்பசி மழையில் நம் பேஸ்மென்டில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று குழுவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அழுகிய முட்டை வாடை வந்தாலோ, பேட்டரி கை வைக்க முடியாமல் சுட்டாலோ, உப்பியிருந்தாலோ, கிளிப்பைத் தொடாமல் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுத் தள்ளிப் போக வேண்டும். இந்த ஒன்றை மட்டுமாவது செக்யூரிட்டிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் குழாயைத் திறந்து குறைந்தது 15 நிமிடம் கழுவியபடி, இன்னொருவர் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். தரையில் சிந்தினால் ஆப்ப சோடாவைத் தூவுங்கள்.

சரி, முழுத் தடை போட்டுவிட்டால் இதெல்லாம் வேண்டாமே என்று தோன்றலாம். வண்டிகளின் பேட்டரி டவுன் ஆவது நிற்காது. நிறுத்தி வைத்த புதுக் கார்கூட அலாரம், கடிகாரம் என்று 50 மில்லி ஆம்பியர் வரை தின்னும். நாளுக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய்வரும் பெரியவர்களும் இங்கே நிறைய. கீழே முடியாது என்றால் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுவார்கள்; ஏசி போட்டு ஜன்னல் சாத்திய அறையில் வைத்து சார்ஜ் போடுவார்கள். இல்லையென்றால் முதல் மாடி பால்கனியிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் ராத்திரியில் தொங்கும்.

இன்னொன்று. தடையை ஆதரித்துக் கையெழுத்துப் போட்ட வீடுகளில் பாதிக்கு மேல் இன்வெர்ட்டர் இருக்கிறது. 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி, கார் பேட்டரியைப் போல நான்கு மடங்கு, அதே ஈயம், அதே அமிலம். ஒரு வீட்டில் அதற்கு நேர் மேலே பூஜை அலமாரி, அதில் எரியும் விளக்கு. அதை நகர்த்தச் சொல்லுங்கள். கார் பேட்டரிக்கு அப்புறம் வருவோம்.

காமன் மீட்டர் செலவைப் பற்றியும் ஒரு முணுமுணுப்பு கேட்டது. பாதி இறங்கிய கார் பேட்டரியை நிரப்ப அரை யூனிட்கூட ஆகாது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்டில்ட்டின் கிழக்கு ஓரத்தில், தோட்டக் குழாயை ஒட்டிய கார் நிறுத்தத்தைப் பேட்டரி சார்ஜுக்கு ஒதுக்குங்கள். மூன்று பக்கம் திறந்த இடம். கண் கழுவத் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில். குழாயிலிருந்து தள்ளி, இடுப்புயரத்தில், மழை படாத பெட்டிக்குள் எர்த்தோடு ஒரு பாயிண்ட், அதற்கு, மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஆட்டோமேட்டிக் சார்ஜருக்கு மட்டும் அனுமதி. பழைய டிரான்ஸ்பார்மர் வகைக்கு இல்லை. காலை 6 முதல் இரவு 9 வரை, செக்யூரிட்டி நோட்டில் வீட்டு எண்ணும் நேரமும் எழுதிவிட்டு; போட்டவர் வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. பேஸ்மென்டிலும் ஸ்டோர் ரூமிலும் எப்போதும் கிடையாது. மாட்டும் வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி அந்தப் பெட்டிக்கு மேலே ஒட்டும் வேலையை நானே செய்கிறேன்.

கடைசியாக, நம் ஜெனரேட்டர் அறை. அதை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி ஒரு ஆட்டோமேட்டிக் சார்ஜரில்தான் இருபத்து நான்கு மணி நேரமும் மாட்டியிருக்கிறது. தடையில் அது சேருமா என்று சுற்றறிக்கையில் இல்லை. சேர்க்கவும் வேண்டாம், கரன்ட் போகும்போது லிஃப்ட் ஓட வேண்டும் அல்லவா. ஆனால் அந்த பேட்டரியின் மேல் பெயின்ட் டப்பாக்களும் தின்னர் கேனும் அடுக்கியிருக்கின்றன, காற்று போகும் ஜாலியை மறைத்து தீபாவளி சீரியல் லைட் பெட்டி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரை காத்திருக்காமல் அவற்றை இன்று மாலைக்குள் அகற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்