விளிம்பைத் தடவிப் பார்த்தவருக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

வீட்டிலிருந்து திருட்டுப்போன எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வெள்ளிப் போர்ப் பதக்கங்கள் வீடு வந்து சேர்ந்துவிட்டன. நடந்தவை உங்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால் அவற்றை மறுபடியும் சொல்லப்போவதில்லை. எண்பது வயதைக் கடந்த என் பெரியப்பா இரண்டு பதக்கங்களையும் துண்டில் முடிந்து மடியிலேயே வைத்திருக்கிறார். சாப்பிடும்போதுகூட இறக்கி வைக்க மறுக்கிறார்.

புகாரைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்ட காவல் நிலையத்தாருக்கும், பதக்கங்களின் பழைய புகைப்படத்தைத் தேடிக் கொடுத்த அத்தைக்கும், அந்தப் படத்தை ஊர் ஊராகப் பகிர்ந்த முன்னாள் படைவீரர்களுக்கும், பெங்களூரில் பணியாற்றி ஓய்வுபெற்று, பதக்க விளிம்பில் இருந்த ஆங்கிலச் சுருக்கங்களை எங்களுக்கு விளக்கிய சுபேதார் ஐயாவுக்கும், ‘கிடைத்ததா?’ என்று தினமும் விசாரித்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

ஆனாலும் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது முதன்மையாக ஒருவருக்காக. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் உருக்கு வேலை பார்க்கும் அந்த அண்ணன், தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுப் பெயரைக் காப்பாற்றித் தந்தவரின் பெயரை எழுத முடியாதது எனக்குக் குறைதான். அவர் சொல்லை மீறவும் மனம் வரவில்லை.

அறுந்த கொலுசுகள், நசுங்கிய குங்குமச் சிமிழ், அரைஞாண் கொடி இவற்றோடு ஒரே பொட்டலமாக வந்த பழைய வெள்ளியில்தான் எங்கள் பதக்கங்களும் கிடந்திருக்கின்றன. அவற்றில் பதிந்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை அவரை நிறுத்தவில்லை, ஏனென்றால் அதே தலை பதித்த பழைய வெள்ளி ரூபாய்களை அவர் மூசையில் போட்டு உருக்கியதற்குக் கணக்கே இல்லையாம். விளிம்பைத் தடவியபோதுதான் அவர் கை நின்றிருக்கிறது. ரூபாயின் விளிம்பில் நெருக்கமாகக் கோடுகள் இருக்கும்; இதில் பொடிப்பொடியாக எழுத்துகள் தட்டுப்பட்டிருக்கின்றன. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அவர், அது யாரோ ஒருவருடைய பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துத் தனியே வைத்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “சீர் வரிசைப் பாத்திரத்துல பேரு வெட்டிக் குடுப்பாங்கல்லங்க, அந்த மாதிரிதான். பேரு போட்டத உருக்கிட்டா, நாளைக்குத் தேடி வர்றவங்களுக்கு எதைக் காட்டுறதுங்க?” என்றார்.

பட்டறையில் வெள்ளியின் எடை வரவுக்குச் சரியாக இருந்தாக வேண்டும். ஆகவே அந்த இரண்டு பதக்கங்களின் எடைக்கு உரிய தொகையைத் தம் கூலியில் கழித்துக்கொள்ளும்படி முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். உடையவர் யார், கேட்டு வருவாரா என்று எதுவும் தெரியாத நிலையில் செய்த காரியம் இது. பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் விளிம்பை வாசித்துச் சொல்லி, தேடிப் பார்த்து, நீங்கள் பகிர்ந்த படத்தைக் கண்டுபிடித்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. கழித்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்; அதற்கு மேல் ஒரு ரூபாயும் தொடவில்லை.

அந்த எழுத்துகள் எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிதாகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று நான்கு விவரங்கள் அங்கே இருக்கின்றன. இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அன்று மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்பட்ட பொறியாளர் படை. அதில் சேர்ந்து முதல் உலகப் போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) சென்ற எங்கள் கொள்ளுத்தாத்தா, எதிர்க்கரையிலிருந்து எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கையிலேயே டைக்ரிஸ் ஆற்றில் படகு செலுத்தினார் என்பது பெரியப்பா சொல்லக் கேட்டது. அதற்காகக் கிடைத்தது, இந்தியப் படையினரின் சிறப்பான சேவைக்காக 1907-இல் ஏற்படுத்தப்பட்ட ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் மெடல்) பதக்கம். மற்றொன்று போரில் பணியாற்றியோருக்குப் பொதுவாக வழங்கிய வெள்ளிப் பதக்கம்.

ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவகம் அந்தப் போரில் மாண்ட 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூர்கிறது. அங்கே பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவின் கீழே எண்ணிக்கையாகக் குறித்தார்கள். இந்த வேற்றுமையை, அந்த நினைவகத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எங்கள் ஊர்ச் சுவரில் பதித்த கல்லும், 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று கணக்குச் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. இதே சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது பாய்ந்து உடனிருந்தவர்களைக் காத்து உயிர் நீத்தார். மறைவுக்குப் பின் அவருக்குப் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டதால், அவர் பெயரைச் சொல்ல இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குக் கீழ்ப்பட்ட பதக்கம் பெற்றவர்களுக்கும், வீரப் பதக்கம் எதுவும் பெறாமல் பொதுவான போர்ப் பதக்கத்தோடு திரும்பியவர்களுக்கும் பெரும்பாலும் விளிம்பில் உள்ள அந்த ஒரு வரிதான் மிச்சம். அதுவும் உருகியிருந்தால் எங்கள் கொள்ளுத்தாத்தா கல்லில் உள்ள எண்ணிக்கைக்குள் ஒன்றாகியிருப்பார்.

ஆகவே குடும்பத்தார் கூடி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பழைய கல்லை அசைக்காமல், அதன் கீழே இன்னொரு கல் பதித்து, சென்றவர்கள் அனைவரின் பெயரையும் தமிழில் வெட்டப்போகிறோம். பதக்கம் பெற்றவர், பெறாதவர் என்ற வரிசை அதில் இராது. உங்கள் வீடுகளில் பழைய டிஸ்சார்ஜ் சான்றிதழோ பென்ஷன் புத்தகமோ, டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பதக்கமோ இருந்தால், விளிம்பை ஒரு முறை பார்த்துவிட்டு எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். கல் பதிக்கும் நாளுக்குச் சேலத்து அண்ணனையும் அழைத்திருக்கிறோம். ஆடியில் கல்யாணம் இல்லாததால் பட்டறையில் வேலை குறைவாக இருக்கும், அப்போது வைத்தால் வருகிறேன் என்றிருக்கிறார். ஆடியிலேயே வைத்துக்கொள்கிறோம்.