மீன் விற்கிறவர்கள் எண்ணிக்கையையும் சொல்லி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் எங்கள் டவுன் மீன் கடைகளில் பிள்ளைகள் கூட்டம் நிரம்பி வழிகிறது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, பொலித்தீன் பையில் ஐந்தாறு சோடி தங்கமீன், பாசி தின்பதற்கென்று ஒரு ‘டேங்க் கிளீனர்’ மீன். பஸ்ஸில் மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோகிறார்கள். அடுத்த மாதம் கேட்டால் பல வீடுகளில் தொட்டி வெறுமையாகக் கிடக்கிறது. நோய் வந்து செத்துவிட்டதாம். அந்த நோய்க்கு வழிவிட்டது நெரிசல் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கிறவராக, இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் எப்போதும் மீன்தொட்டி உண்டு. அதனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் “தாத்தா, எத்தனை மீன் விடலாம்?” என்று வந்து நிற்பார்கள். கொப்பியும் அடிமட்டமும் எடுத்து வரச் சொல்வேன்.

இரண்டடித் தொட்டியின் நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லீட்டர். அடியில் போடும் கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் தண்ணீர் 45 லீட்டர்தான் தேறும். நாலு லீட்டருக்கு ஓர் அங்குல மீன் என்று ஒரு கணக்கு எல்லோருடைய வாயிலும் இருக்கிறது. அதை நம்பி, கடையில் பார்த்த ஓர் அங்குலக் குஞ்சுகளில் பதினொன்றை வாங்கிவிடுகிறார்கள். தங்கமீன் குஞ்சாகவே இருக்குமா? உருண்டை உடம்பு வகையே ஆறேழு அங்குலம் வளரும். ஒற்றை வால் வகை ஓர் அடி வரை போகும். அதற்கு இரண்டடித் தொட்டி எந்தக் காலத்திலும் காணாது. அங்குலத்தை மட்டும் கூட்டுவதிலும் பிழை இருக்கிறது. நாலு அங்குல மீன் ஒன்றின் எடை, அதே உடல்வாகுள்ள ஓர் அங்குல மீனைப் போல 64 மடங்கு. தின்பதும் கழிப்பதும் உடம்பைப் பொறுத்ததுதானே.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது தண்ணீரின் மேற்பரப்புக் கணக்கு. காற்று தண்ணீருக்குள் இறங்குவது அந்த வழியாகத்தான். 24 அங்குலத்தை 12 ஆல் பெருக்கினால் 288 சதுர அங்குலம். குளிர்நீர் மீனுக்கு, வாலை விட்டுவிட்டு, அங்குலத்துக்கு 30 சதுர அங்குலம் வேண்டும் என்பது பழைய மீன் வளர்ப்பாளர்களின் கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்தத் தொட்டிக்கு மொத்தம் பத்து அங்குல மீன் கூட இல்லை. உருண்டைத் தங்கமீன் என்றால் ஒன்று. இதே தொட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல் உயரமாகச் செய்து விற்கிறார்கள். அதில் தண்ணீர் அதே அளவு, மேற்பரப்போ பாதி. வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணம் இதைவிட மோசம்.

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும்போதும் இதே கதைதான். காற்றாடி தள்ளுகிற காற்றுக்குத் தாங்காத அளவு கொழுந்தைத் தடிப்பாகப் பரப்பினால் அடியில் கிடப்பது சூடேறிச் சிவந்துவிடும். தட்டில் இடம் இருக்கிறதே என்று யாரும் கொட்டுவதில்லை.

நம் மலைநாட்டில் இன்னொரு சங்கதி உண்டு. ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படிகிறது. கப்பி, ஏஞ்சல் போன்ற மீன்களுக்கு 24, 25 பாகை வெப்பம் வேண்டும். அதற்கு ஹீட்டர் வேண்டும், ஹீட்டருக்குக் கரண்ட் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, மறக்க முடியுமா? இப்போதும் கடும் காற்றுமழைக்கு மரம் விழுந்தால் எங்கள் தோட்டப் பக்கம் விளக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஹீட்டரும் நின்று, காற்றுப் பம்பும் நின்றுபோன இரவில் எத்தனை மீன் தாக்குப்பிடிக்கும் என்று பார்த்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் காற்று கூடுதலாகக் கரையும், அது நமக்கு நல்லதுதான். அதனால் குளிரைத் தாங்கும் சின்ன மீன்களைக் கேட்டு வாங்குங்கள். ஒயிட் கிளவுட் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அவ்வளவாக வளராது. ஆறு மீன் சேர்ந்தால் ஒன்பது அங்குலம், கணக்குக்குள் அடங்கும். அவை கூட்டமாக நீந்துகிற அழகும் தனி.

அந்த ஆறையும் ஒரே நாளில் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை மாற்றிக்கொடுக்கும் பக்டீரியா வடிகட்டியில் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், குளிரில் இன்னும் கூடும். முதலில் இரண்டு மூன்று விட்டு, அவை நன்றாகத் தின்று திரிந்தால் அப்புறம் மற்றதை வாங்கலாம். டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைக்க வேண்டும். மலை ஊற்றிலிருந்து நேரே வரும் பீலித் தண்ணீருக்கு அந்த வேலை இல்லை.

டேங்க் கிளீனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் நீளத்தில் வாங்குவது ஓர் அடிக்கு மேல் வளர்கிறது. வளர்ந்ததும் கொண்டுபோய் ஓயாவில், அதாவது ஆற்றில், விட்டுவிடுகிறார்கள். இந்த மீன் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவி, நம் சொந்த மீன்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.

மீன் கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு தொட்டியிலும் விலையோடு சேர்த்து, இந்த மீன் எவ்வளவு வளரும், எத்தனை பாகை வெப்பம் வேண்டும், இரண்டடித் தொட்டிக்கு எத்தனை போதும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். வியாபாரம் குறையாது, மீன் பிழைத்தால் பிள்ளை தீனி வாங்கவாவது திரும்ப வரும். தங்கள் பத்திரிகையும் சிறுவர் பக்கத்தில் மேலே சொன்ன கணக்கை ஒரு கட்டம் போட்டு வெளியிட்டால், வெட்டியெடுத்து எங்கள் டவுன் கடைகளில் நானே கொண்டுபோய்க் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீமேக்கர்,
தலவாக்கலை