கிறிஸ், மார்ட்டினா, அப்புறம் உன் தோழி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் தோழிக்குப் பதவி உயர்வு வந்த செய்தியைச் சொல்லிவிட்டு, "கூடவே சேர்ந்தவள், கூடவே இருந்தவள், இப்போது என்னைத் தாண்டிப் போய்விட்டாள். இனிமேல் அவளோடு எனக்கு என்ன பேச்சு?" என்று கேட்டாய். போனில் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ அழுதுகொண்டிருந்தாய். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் உபதேசம் மாதிரிதான் காதில் விழுந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் டென்னிஸ் பைத்தியம் உனக்குத் தெரியும். கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா இரண்டு பேரையும் பற்றிச் சின்ன வயதில் உனக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். யார் பெரிய ஆட்டக்காரி என்று நீயும் உன் அண்ணனும் சண்டை போடுவீர்கள். நான் பதில் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

கணக்குப் பார்த்தால் மார்ட்டினாதான். 1973 முதல் 1988 வரை இருவரும் 80 முறை மோதினார்கள். மார்ட்டினாவுக்கு 43, கிறிஸ்ஸுக்கு 37. அந்த 80-ல் 60 ஆட்டங்கள் இறுதிப் போட்டிகள். டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் ஒற்றையர் பட்டங்கள் ஆளுக்கு 18, அதில் சமம். ஆனால் மார்ட்டினா இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் சேர்த்து இன்னும் 41 வைத்திருக்கிறாள். 2003-ல் நம் லியாண்டர் பயஸோடு சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையரை ஜெயித்தபோது அவளுக்கு வயது 46.

ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் போதவில்லை. களிமண் தரையில் கிறிஸ் 11, மார்ட்டினா 3. புல்தரையில் மார்ட்டினா 10, கிறிஸ் 5. விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஐந்து தடவை மார்ட்டினாவைச் சந்தித்தாள் கிறிஸ், ஐந்திலும் தோற்றாள். அதே கிறிஸ் 1973 ஆகஸ்டிலிருந்து 1979 மே வரை களிமண் தரையில் தொடர்ந்து 125 ஆட்டங்களை ஜெயித்தவள். அந்த ஓட்டத்தின் நடுவே 1976, 77, 78 மூன்று வருஷமும் அவள் பிரெஞ்சு ஓபனுக்கே போகவில்லை. அமெரிக்காவில் அணிகளுக்கான டென்னிஸ் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தாள். போயிருந்தால் 18 என்பது எங்கே நின்றிருக்கும் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. 56 கிராண்ட்ஸ்லாம் ஆடி, 52-ல் அரையிறுதிக்காவது வந்தவள் அவள். அப்படி ஒரு நிதானத்தை அதற்கப்புறம் நான் யாரிடமும் பார்க்கவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இவர்கள் சிநேகிதிகள். 1975-ல் பாரிஸில் இரட்டையர் பட்டம் சேர்ந்து வாங்கினார்கள், அடுத்த வருஷம் விம்பிள்டனிலும் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் ஒற்றையரில் பெரும்பாலும் கிறிஸ்தான் ஜெயிப்பாள். மார்ட்டினா ஜெயிக்க ஆரம்பித்ததும், தன் ஆட்டத்தை அவள் பக்கத்திலிருந்தே படித்துவிடுகிறாள் என்று தோன்றி, கிறிஸ் சேர்ந்து ஆடுவதை நிறுத்திக்கொண்டாள். அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் தள்ளி இருக்க உனக்கும் உரிமை உண்டு.

1981-ல் அமீலியா தீவில் ஒரு இறுதிப் போட்டி. கிறிஸ் 6-0, 6-0 என்று ஜெயித்தாள். ஒரு கேம் கூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலகட்டத்தில்தான் கூடைப்பந்து வீராங்கனை நான்சி லீபர்மன் மார்ட்டினாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்தாள். ஓட்டம், எடை தூக்குவது, சாப்பாடு எல்லாம் மாறியது. கிறிஸ்ஸை எதிரியாகப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் ஒன்று. இருவருக்கும் நடுவே பேச்சு குறைந்தது. 1983-ல் மார்ட்டினா 87 ஆட்டம் ஆடித் தோற்றது ஒரே ஒரு முறை. கிறிஸ் அவளிடம் வரிசையாக 13 தடவை தோற்றாள்.

அந்தப் பதிமூன்றாவது தோல்வி 1984 யு.எஸ். ஓபன் இறுதிப் போட்டி. அதற்கு முன்னால் இருவரின் வெற்றிக் கணக்கு 30-30. முதல் செட்டை கிறிஸ் 6-4 என்று எடுத்தாள். அடுத்த இரண்டும் 4-6, 4-6. முதல் தடவையாக மார்ட்டினா கணக்கில் முன்னால் போனாள். கிறிஸ்ஸுக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. பத்து வருஷமாக உச்சியில் இருந்தவள், பணமும் பேரும் நிறையச் சம்பாதித்தவள். விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் போகவில்லை. மர மட்டையை வைத்துவிட்டு கிராஃபைட் மட்டைக்கு மாறியிருந்தாள். மார்ட்டினாவைப் பார்த்தே எடைப் பயிற்சியில் இறங்கினாள். பின்கோட்டை விட்டு நகராதவள், சமயம் பார்த்து வலைக்கும் ஓடி வந்தாள். தன்னைத் தோற்கடித்தவளிடமிருந்தே கற்றுக்கொண்டாள் கண்ணம்மா. நான் உனக்குச் சொல்ல வந்தது இதைத்தான். உன் தோழி கடந்த ஒன்றரை வருஷமாக என்ன செய்தாள் என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்? ராத்திரி உட்கார்ந்து படித்தாள், யாரும் எடுக்காத வேலையைக் கேட்டு வாங்கினாள் என்று என்னிடம் நீயே சொன்னாய்.

1985 பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டியை நீ ஒருமுறை பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிறது. முதல் செட் கிறிஸ்ஸுக்கு 6-3. இரண்டாவதை மார்ட்டினா டைபிரேக்கில் பறித்தாள். மூன்றாவதில் 5-5. கிறிஸ் சர்வீஸில் 0-40. மூன்றில் ஒரு புள்ளி போனால் அடுத்து மார்ட்டினா பட்டத்துக்கு சர்வீஸ் போடுவாள். அந்த மூன்றையும் காப்பாற்றி கேமை எடுத்தாள். அடுத்த கேமில் மார்ட்டினா வலைக்கு ஓடி வர, கிறிஸ் இரண்டு கையாலும் பேக்ஹேண்டைக் கோட்டை ஒட்டி அடித்து அவளைத் தாண்டவிட்டாள். 7-5. மறுபடி முதலிடம். ஆட்டம் முடிந்ததும் இருவரும் வலையருகே வந்து கட்டிக்கொண்ட படத்தைப் பார், ஜெயித்தது யார் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

1986-ல் மார்ட்டினாவின் சொந்த நாடான செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகில், நாடுகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பை. 18 வயதில், 1975 யு.எஸ். ஓபன் அரையிறுதியில் கிறிஸ்ஸிடம் தோற்ற அன்று ராத்திரி, அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டவள் மார்ட்டினா. அதற்கப்புறம் சொந்த மண்ணை மிதிப்பது இதுதான் முதல் தடவை. மைதானத்தில் அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொல்லவே இல்லை. கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்தது. அன்றைக்கு அமெரிக்க அணியில் அவள் பக்கத்தில் இருந்தது கிறிஸ். மணவாழ்க்கை முறிந்து கிறிஸ் தனியாக நின்றபோது, புத்தாண்டுக்கு அமெரிக்க மலை ஊரான ஆஸ்பெனுக்கு வா என்று கூப்பிட்டது மார்ட்டினா. கிறிஸ் தன் இரண்டாவது கணவரைச் சந்தித்தது அங்கேதான்.

அப்புறம் நோய். தங்கையைச் சினைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த கிறிஸ், 2022 ஜனவரியில் தனக்கும் அதே நோய் என்று அறிவித்தாள். தங்கையின் மரபணுச் சோதனையால்தான் அது ஆரம்பத்திலேயே தெரிந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து மார்ட்டினாவுக்குத் தொண்டையிலும் மார்பிலும் புற்றுநோய். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக அதை எதிர்கொண்டார்கள். அந்த வலியைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்குத் தங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

யார் பெரியவள் என்றால் மார்ட்டினா. யாரைப் பிடிக்கும் என்றால் எனக்கு என்றைக்கும் கிறிஸ்தான், 1984-க்கு அப்புறம் இன்னும் அதிகமாக.

உன் தோழிக்கு இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லை என்றாய். இந்த வாரமே சொல்லிவிடு, மெசேஜில் வேண்டாம், நேரில் போய்ச் சொல். பதவி உயர்வுத் தேர்வுக்கு எப்படித் தயாரானாள் என்றும் கேள். அவள் சொல்வாள். அவள் அப்படிப்பட்டவள்தான் என்று எனக்குத் தெரியும், நம் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறாள்! உனக்கு வருத்தம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா