மைத்துனரும் 889 ரூபாயும்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். மூட்டுவலிக்கு அந்த எண்ணெயையே நம்பிக்கொண்டிருக்காதே, டாக்டரைப் பார்.

படித்தவர்கள்கூட யோசிக்காமல் பங்கு வாங்குகிறார்களே என்று கேட்டிருந்தாய். யோசிக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் கம்பெனியைப் பற்றி இல்லை. 2022 மே மாதம் எல்ஐசி பங்கு வெளியீடு வந்ததே, பாலிசிதாரர்களுக்கு ஒதுக்கியதற்கு ஆறு மடங்குக்கு மேல் விண்ணப்பம். அதற்காகவே டிமேட் கணக்கு (பங்குகளை வைத்துக்கொள்ளும் கணக்கு) தொடங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்பா காலத்து பாலிசி, வீட்டுக்கு வந்துபோகும் ஏஜென்ட், அரசாங்க நிறுவனம், போதாததற்கு 60 ரூபாய் தள்ளுபடி! தள்ளுபடி என்றால் நமக்குத்தான் கை சும்மா இருக்காதே.

விலை 949, பாலிசிதாரருக்கு 889. மே 17 அன்று சந்தைக்கு வந்த முதல் நாளே அதற்கும் கீழே போய்விட்டது, அடுத்த மார்ச்சில் 550-கூட இல்லை. என் மைத்துனர் அப்போதெல்லாம் சொன்னது ஒன்றே ஒன்று: "போட்ட காசு வந்தா போதும், வித்துடுவேன்." 2024 பிப்ரவரியில் ஆயிரத்தைத் தொட்டதும் விற்றார். அது நல்ல முடிவா இல்லையா என்பது வேறு பேச்சு. லாபம் எப்படி, தனியார் போட்டி எப்படி என்று எதையும் பார்க்காமல், தான் கொடுத்த 889-ஐ மட்டும் பார்த்துக்கொண்டே கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஓட்டினார். அவர் எவ்வளவுக்கு வாங்கினார் என்று அந்தப் பங்குக்குத் தெரியுமா என்ன?

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. லாபத்தில் இருப்பதைச் சட்டென்று விற்பார்கள், நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1985-லேயே எழுதினார்கள். 1998-ல் டெரன்ஸ் ஓடியன் என்ற ஆய்வாளர் ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை ஆராய்ந்தபோதும் அதேதான். லாபத்தில் விற்ற பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த வருஷம் நன்றாகவே போயிருந்தன. ஆனால் அங்கே வரி வருஷம் முடிகிற டிசம்பரில் மட்டும் நஷ்டப் பங்கை முந்திக்கொண்டு விற்றிருக்கிறார்கள், வரி மிச்சமாகும் என்று. தோற்றோம் என்று சொல்லாமல் வெளியே வர ஒரு சாக்கு கிடைத்தால் போதும் போல.

அப்புறம், நஷ்டத்தில் இருந்தும் விற்காமல் நீ வைத்திருக்கும் பங்கு விஷயம். அந்தப் பணம் இன்றைக்கு ரொக்கமாக உன் கையில் இருந்தால், இன்றைய விலைக்கு அதையே வாங்குவாயா? வாங்கமாட்டாய் என்றால் எதற்காகக் காத்திருக்கிறாய் என்று எனக்கு எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு