காற்புள்ளிப் பட்டியலை வரிசைப்படுத்துவது குறித்து நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கலைச்சொல் நூலின் அச்சுக்கோப்பை, அச்சுப் பக்கங்களை அமைக்கும் மென்பொருளான லேடெக்கிலேயே முடித்துவிடத் தீர்மானித்திருக்கிறீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன். நானும் இப்போது ஒரு கையேட்டின் பிற்சேர்க்கைகளில் மூழ்கியிருப்பதால், உங்கள் கேள்வி என் மேசைமேல் கிடக்கும் வேலையை ஒட்டியே வந்திருக்கிறது. ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் காற்புள்ளியிட்டு எழுதிவைத்திருக்கும் சொற்களைக் கையால் அடுக்காமல், ஆவணம் அச்சுக்குத் தயாராகும்போதே அவை வரிசையில் வந்து நிற்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் வரிசைப்படுத்துவதைவிட, எதை முன்னால் வைப்பது என்பதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் உங்கள் உழைப்பு செலவாகும்.

லேடெக்குக்கு அடித்தளமாக டொனால்டு கனூத் உருவாக்கிய டெக் மொழியில் பட்டியல் என்று ஒரு தனி வகை இல்லை. காற்புள்ளியை எல்லையாகக் கொண்டு ஒவ்வொரு துண்டாக உள்வாங்கும் மேக்ரோவை (ஒரு பெயருக்குள் அடக்கிவைத்த கட்டளைத் தொகுப்பை) எழுதி, பட்டியலை உறுப்பு உறுப்பாக உரித்தெடுப்பதே பழைய வழி. புதிய உறுப்பை ஏற்கெனவே அடுக்கிய வரிசையில் உரிய இடம் பார்த்துச் செருகும் முறையைப் பலரும் அப்படித்தான் எழுதினார்கள். பத்து இருபது உறுப்புகளுக்கு அது போதும். ஆயிரம் உறுப்புகள் என்றால் ஒப்பீடுகள் சராசரியாக இரண்டரை இலட்சத்தைத் தொட்டுவிடும். 2020 பிப்ரவரி வெளியீட்டிலிருந்து லேடெக்கின் உட்கருவோடு சேர்ந்தே வரும் எக்ஸ்பிஎல்3 நிரலாக்க அடுக்கில், காற்புள்ளிப் பட்டியலுக்கென்றே ஒரு வரிசையாக்கக் கட்டளை இருக்கிறது. அது இணைப்பு வரிசையாக்க முறையைப் பின்பற்றுகிறது. அடுக்கிய இரண்டு சீட்டுக் கட்டுகளின் மேல்சீட்டுகளை மட்டும் ஒப்பிட்டு ஒரே கட்டாகச் சேர்ப்பதைப் போன்றது அது. ஆயிரம் உறுப்புகளுக்கும் பத்தாயிரம் ஒப்பீடுகளுக்குள் வேலை முடிந்துவிடும்.

அந்தக் கட்டளைக்கு நீங்கள் தர வேண்டியவை பட்டியலும் ஓர் ஒப்பீட்டு விதியும் மட்டுமே. இரண்டு உறுப்புகளை அது உங்கள் விதியிடம் நீட்டும். ‘இருந்தபடியே இருக்கட்டும்’ அல்லது ‘இடம் மாற்று’ என்ற இரண்டு விடைகளில் ஒன்றை விதி தர வேண்டும். முதலாவது உறுப்பு உண்மையிலேயே பின்னால் வர வேண்டியதாக இருந்தால் மட்டும் இடம் மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் சமமாக இருக்கும்போது இருந்தபடியே விட்டால், சமமான உறுப்புகள் நீங்கள் எழுதிய வரிசையிலேயே நிற்கும். இந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன். முதலில் பக்க எண்படியும் பிறகு சொல்படியும் அடுக்கினால், ஒரே சொல்லுக்குரிய பக்கங்கள் கலையாமல் கிடைப்பது இதனால்தான்.

பட்டியலை உள்ளே கொடுக்கும் இடத்தில் ஒரு கண்ணி உண்டு. சொற்களை ஒரு மேக்ரோவுக்குள் வைத்துவிட்டு அந்த மேக்ரோவின் பெயரை அப்படியே கொடுத்தால், அது விரிக்கப்படுவதில்லை. உள்ளே காற்புள்ளிகள் இருப்பதே தெரியாமல் முழுவதையும் ஒற்றை உறுப்பாக எடுத்துக்கொள்ளும். ஒற்றை உறுப்பை வரிசைப்படுத்துவதில் பிழையும் எழாது. பட்டியல் கலைந்தபடியே அச்சாகும்போது பலரும் ஒப்பீட்டு விதியைச் சந்தேகித்து அதைத் திருத்தத் தொடங்குகிறார்கள். மேக்ரோவின் மதிப்பை எடுத்துக் கொடுக்கும் மாற்றுவடிவக் கட்டளையைப் பயன்படுத்தினால் போதும். உறுப்புகளின் இருபுறத்து வெற்றிடங்களையும் வெற்று உறுப்புகளையும் அதுவே நீக்கிவிடும். உறுப்புக்குள்ளேயே காற்புள்ளி வேண்டுமானால் அதை நெளிவு அடைப்புக்குள் வையுங்கள்.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். எண்களை எண்களாக ஒப்பிட வேண்டும். எழுத்துச் சரமாக, அதாவது இடமிருந்து ஒவ்வொரு குறியாக, ஒப்பிட்டால் 3, 7, 12 என்பது 12, 3, 7 என்று ஆகிவிடும். சாய்வெழுத்துக் கட்டளையோடு எழுதிய சொல்லைச் சரமாக ஒப்பிடும்போது, அந்தக் கட்டளையின் பின்சாய்கோடே முதல் எழுத்தாகக் கருதப்படும். ஆகவே வரிசைக்கான திறவு (ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படும் வடிவம்) வேறு, அச்சில் தோன்றும் வடிவம் வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது நல்லது.

தமிழுக்கு இந்தப் பிரிப்பு கட்டாயம். கணினியில் எழுத்துகளுக்கு வழங்கப்பட்டிருக்கும் யூனிகோடு குறியெண்களின் ஏறுவரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று; அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. மதம், மலை, மழை, மறம், மனம் என்று வர வேண்டிய சொற்களை வெறும் சர ஒப்பீட்டில் விட்டால் மதம், மனம், மறம், மலை, மழை என்று வரும். கடைசியில் இருக்க வேண்டிய மனம் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுகிறது. புள்ளிக்குரிய குறியெண்ணும் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால், மெய்யை முதலில் வைக்கும் அகராதி முறைப்படி அகம் என்பதற்கு முன்னால் வர வேண்டிய அக்கம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

நான் பின்பற்றும் வழி நம் எழுத்துக்கணக்கிலிருந்தே பிறக்கிறது. உயிர்களுக்கு 1 முதல் 12 வரையும் ஆய்தத்துக்கு 13ம் கொடுங்கள். அதன்பின் ஒவ்வொரு மெய்க்கும், புள்ளி வைத்த வடிவம் முதலாகப் பதின்மூன்று எண்கள்: க் 14, க 15, கா 16 என்று தொடங்கி, னௌ 247இல் முடியும். 247 எழுத்துகளும் ஒரு விடுபாடின்றித் தத்தம் எண்ணில் வந்து அமர்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் மூன்று இலக்கமாக எழுதிச் சேர்த்தால் அதுவே திறவு. அக்கம் 001014015131 ஆகும். அகம் 001015131 ஆகும். இவற்றைச் சரங்களாகவே ஒப்பிடுங்கள், எண்களாக வேண்டாம். எண்ணாகக் கொண்டால் எழுத்துக் குறைந்த சொல்லே சிறிய எண்ணாகி முன்னால் வந்துவிடும். அதோடு டெக் ஏற்கும் முழு எண்ணின் உச்சம் 2147483647 என்பதால், சற்று நீண்ட சொல்லே அதைக் கடந்து பிழை காட்டும்.

திறவை ஒப்பீட்டு விதிக்குள் கணக்கிடாமல், வரிசைப்படுத்தத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்துவையுங்கள். இல்லையெனில் ஒரே சொல்லின் திறவு ஒவ்வோர் ஒப்பீட்டிலும் மீண்டும் மீண்டும் பிறக்க வேண்டியிருக்கும். ஒகர ஓகாரக் குறிகள் சில கோப்புகளில் இரண்டு துண்டுகளாகப் பதிவாகியிருக்கக்கூடும். அவற்றை முதலில் ஒரே குறியாக்கிக்கொள்வது அவசியம். இவ்வளவையும், லேடெக் ஆவணத்தைப் பக்கங்களாக்கும் எஞ்சின்களில் யூனிகோடை அறிந்த ஸீடெக் அல்லது லுவாடெக்கில் செய்யுங்கள். பிடிஎஃப்டெக் என்னும் மற்றோர் எஞ்சின் எழுத்தை முழுதாகக் காணாமல் பைட்டு பைட்டாகவே பார்க்கும். லுவாடெக்கில் அதனுள் அமைந்த லுவா நிரல்மொழியின் சொந்த வரிசையாக்கக் கட்டளையை அழைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அது விரைவானதுதான். ஆனால் சமமான உறுப்புகளின் முந்தைய வரிசையை அது காப்பதில்லை என்பதால், பக்க எண்களோடு வரும் உங்கள் பட்டியலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் உங்கள் பதிப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை னகரத்துக்குப் பின் 248 முதல் தொடரலாம். நான்குக்கும் சேர்த்து 299 வரைதான் போகும், மூன்று இலக்கம் போதும். ஜகரத்தைச் சகரத்துக்கு அருகிலேயே வைக்க அவர் விரும்பினால் அதன் பிறகு வரும் எண்கள் எல்லாம் நகரும். அவரிடம் கேட்டு எழுதுங்கள். விடை வந்ததும் எண் அட்டவணையையும் ஒப்பீட்டு விதியையும் கோப்பாக அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்